மூன்று முறை முறிந்த போர்க்!

1913-ஆம் ஆண்டு, ஜூலை 9-ந் தேதி.

பிரான்சு நாட்டின் தெற்கு எல்லையில் பிரனீஸ் மலை இருக்கிறது. அங்கே தூர்மலே என்ற கணவாயின் உச்சியில் இருந்து ஒரு சைக்கிள் விர்ரென்று இறங்கியது. ஓட்டியவர் பெயர் ஒஜேன் கிறிஸ்தோப். "டூர் டி பிரான்ஸ்" பந்தய வெற்றி அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

திடீரென்று ஹேண்டில்பார் சொன்னபடி கேட்கவில்லை. நிறுத்திப் பார்த்தார். முன் சக்கரத்தை இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கும் போர்க் முறிந்து கிடந்தது!

இந்தக் காலமாக இருந்தால், பின்னால் வரும் காரில் இருந்து வேறு சைக்கிள் கிடைத்துவிடும். அன்றைய விதி அப்படி அல்ல. எது உடைந்தாலும் வீரரே சரி செய்ய வேண்டும். பிறர் கை படக்கூடாது.

சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டார் கிறிஸ்தோப். 10 கிலோ மீட்டருக்கு மேல் நடந்தார். மற்ற வீரர்கள் அவரைக் கடந்து பறந்தார்கள். மலை அடிவாரத்தில் ஒரு கொல்லர் பட்டறை இருந்தது. நல்ல வேளை, கிறிஸ்தோப் பூட்டு வேலை தெரிந்தவர். நெருப்பு மூட்டினார். இரும்பைக் காய்ச்சி அடித்தார். பந்தய அதிகாரிகள் கண் கொட்டாமல் காவல் நின்றார்கள்.

வேலைக்கு இரண்டு கை போதவில்லை. ஒரு சிறுவன் துருத்தியை ஊதினான். அது குற்றமாம்! 10 நிமிடம் அபராதம் போட்டார்கள். பிறகு 3 நிமிடமாகக் குறைத்தார்கள். ஏற்கனவே 4 மணி நேரத்துக்கு அருகில் இழந்துவிட்ட மனிதருக்கு 10 என்ன, 3 என்ன!

மறுபடியும்...

1919-ஆம் ஆண்டு. பந்தயத்தில் முதல் இடத்தில் இருப்பவர் மஞ்சள் சட்டை அணியும் வழக்கம் அந்த ஆண்டுதான் வந்தது. அதை முதலில் அணிந்தவர் கிறிஸ்தோப். பந்தயம் முடிய இரண்டே கட்டங்கள். வாலன்சியன் நகருக்கு அருகில் மீண்டும் போர்க் முறிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. மஞ்சள் சட்டையும் போயிற்று.

1922-ல் காலிபியே மலையில் மூன்றாவது முறை! கடைசி வரை அந்தப் பந்தயத்தை அவர் வெல்லவே இல்லை.

துரதிர்ஷ்டம் என்று பலர் சொன்னார்கள். இரும்புக்கு அதிர்ஷ்டம் தெரியுமா?

ஏன் முறிகிறது?

ஒரு கம்பியை ஒரு முறை வளைத்தால் முறிவதில்லை. இப்படியும் அப்படியும் பல முறை வளைத்தால் 'டக்' என்று முறிகிறது. சைக்கிளிலும் அதே கதைதான். ஒவ்வொரு குழியிலும், ஒவ்வொரு பிரேக்கிலும் போர்க் மயிரிழை அளவு வளைகிறது. எங்கோ ஒரு சிறு விரிசல் விழுகிறது. கண்ணுக்குத் தெரியாது. நாளுக்கு நாள் வளர்கிறது. கடைசிக் குழியின் மேல் பழி விழுகிறது. ஆனால் முறிவு என்றோ தொடங்கிவிட்டது! இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர்.

எஃகு ஓரளவு பொறுமைசாலி. குறிப்பிட்ட அளவுக்குள் பாரம் இருந்தால் நீண்ட காலம் தாங்கும். அலுமினியத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. சிறிய பாரமும் அதன் ஆயுளில் இருந்து கொஞ்சம் தின்றுவிடும். கார்பன் இழைப் பாகம் இன்னொரு விதம். மேலே பளபளப்பாக இருக்கும். அடி பட்டிருந்தால் உள்ளே உடைந்திருக்கும்.

2006-ஆம் ஆண்டு ஏப்ரலில் பாரிஸ்-ரூபே பந்தயம் நடந்தது. கருங்கல் பாவிய கரடுமுரடான பாதை அது. அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்கேப்பி முன்னணியில் போய்க்கொண்டிருந்தார். சற்று முன்புதான் ஒரு முறை விழுந்து எழுந்திருந்தார். போர்க்கையும் ஹேண்டில்பாரையும் இணைக்கும் அலுமினியக் குழாய் நடுவழியில் முறிந்தது. கையில் ஹேண்டில்பார் இருக்கிறது. சைக்கிளோடு அதற்குத் தொடர்பு இல்லை! விழுந்தார். தோளில் காயம். பந்தயம் முடிந்தது.

எவ்வளவு உயரம் குதிக்கலாம்?

இப்போது மலைச் சரிவிலும் பாறையிலும் சைக்கிளோடு குதிக்கிறார்கள். எல்லாச் சைக்கிளும் அதற்கு ஏற்றவை அல்ல. அமெரிக்கத் தர விதி ஒன்று சைக்கிள்களை வகை பிரித்திருக்கிறது. முதல் வகை தார்ச் சாலைக்கு. சக்கரம் தரையை விட்டு எழவே கூடாது. இரண்டாம் வகை 15 சென்டி மீட்டர் வரை குதிக்கலாம். மூன்றாவது 61, நான்காவது 122. அதற்கு மேல் தனி வகை. வாங்கும்போது தரும் கையேட்டில் இந்த எண்ணைப் பார்க்கலாம்.

பார வரம்பும் கையேட்டில் இருக்கும். அதில் ஆள் மட்டும் கணக்கா, மூட்டையும் சைக்கிளும் சேர்ந்தா என்று படித்துப் பார்க்க வேண்டும். இளைஞர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வலுவான சட்டம் வாங்கிவிட்டு, எடை குறையட்டும் என்று மெல்லிய ஹேண்டில்பாரை மாட்டுகிறார்கள். சட்டம் தாங்கும், ஹேண்டில்பார் தாங்குமா? வரம்புக்கு மேல் நீளமான போர்க்கைப் பொருத்தினால், நெம்புகோல் போல அது சட்டத்தின் கழுத்தையே நெம்பிவிடும்.

திருகை முறுக்குவதிலும் அளவு உண்டு. பல ஹேண்டில்பார் திருகுகளின் அருகில் "5 நியூட்டன் மீட்டர்" என்பது போல அச்சிட்டிருக்கும். அளவு காட்டும் ஸ்பேனர் கடைகளில் கிடைக்கிறது. பலம் இருக்கிறது என்று முறுக்கினால் கார்பன் நசுங்கும்.

வண்ணப் பூச்சில் மெல்லிய கோடு, புதிதாகக் கேட்கும் 'கிறீச்' சத்தம், ஒரு பக்கம் இழுக்கும் ஹேண்டில்பார் - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கிவிட வேண்டும். வளைந்த அலுமினிய ஹேண்டில்பாரைத் தட்டி நிமிர்த்தி மாட்டுகிறவர்கள் உண்டு. நிமிரும், ஆனால் வளைந்த இடத்தில் பலம் போயிருக்கும். பலமாக விழுந்த பிறகு அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடுவதே முறை. பழையதை வேறு யாரும் எடுத்து மாட்டாதபடி இரண்டாக அறுத்துப் போடுவது இன்னும் நல்லது.