ஆட்டக்காரர் யாருக்குச் சொந்தம்?

ஐக்கிய அமெரிக்க மக்கள் தங்கள் தேசிய விளையாட்டு எனப் போற்றுவது பேஸ்போல் ஆட்டத்தை. நம் நாட்டுக் கிராமங்களிலே புத்தாண்டுக் காலத்தில் எல்லே ஆடுவதைக் கண்டவர்களுக்கு அதன் வடிவத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. பந்தைக் கோலால் அடித்தவர் குறித்த நிலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே ஓடி மீளவேண்டும். இரண்டுக்கும் பொதுவான இலக்கணம் இதுவே. மார்ச் மாத இறுதியில் தொடங்கும் அமெரிக்க ஆட்டப் பருவம், இலையுதிர்காலத்தில் உலகத் தொடர் என்னும் இறுதிப் போட்டியுடன் முடிவடைகின்றது. அதன்பின் பெப்ரவரி நடுப்பகுதி வரை பந்தும் கோலும் ஓய்ந்திருக்கும்.

ஆயின் இரசிகர் நாவுக்கு ஓய்வில்லை. முற்காலத்திலே குளிர்காலப் பொழுதுகளில் ஊர்க்கடையின் இரும்புக் கணப்படுப்பைச் சுற்றியிருந்து, எந்தக் கழகம் யாரை வாங்கும், யாரை விற்கும் என்று மக்கள் வாதிடுவராம். அதனால் இப்பேச்சுக் காலத்துக்கே 'கணப்படுப்புச் சங்கம்' என்னும் பொருளில் ஒரு பெயர் நிலைத்துவிட்டது. இன்று அந்த அடுப்புகள் இல்லை, வாதம் இருக்கிறது. எந்த ஆட்டக்காரர் எவ்வளவு பணத்துக்கு எக்கழகத்தில் சேர்ந்தார் என்பது ஒன்று. ஊதியத் தகராற்றிலே மத்தியஸ்தர்கள் யார் பக்கம் தீர்ப்பளித்தனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டைப் பற்றியும் இரசிகர் அடையும் மகிழ்ச்சியும் ஆத்திரமும் ஆட்டத்தைப் பற்றியவை மட்டுமல்ல. ஓர் ஆட்டக்காரர் யாருக்குச் சொந்தம் என்ற பழைய வழக்கொன்று அவற்றின் அடியில் கிடக்கின்றது.

1879ஆம் ஆண்டில் தேசிய லீக்கைச் சேர்ந்த கழக உரிமையாளர்கள் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். ஒவ்வொரு கழகமும் ஐந்து ஆட்டக்காரரை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். அவர்களை வேறெவரும் அழைத்தல் கூடாது. நாளடைவில் இந்நிபந்தனை எல்லா ஆட்டக்காரருடைய ஒப்பந்தத்திலும் ஏறிவிட்டது. ஒப்பந்தம் ஓராண்டுக்கானது. ஆண்டு முடிந்ததும் ஆட்டக்காரர் கையொப்பமிட மறுத்தாலும், கழகம் தானாகவே மறு ஆண்டுக்கு அதனைப் புதுப்பிக்கலாம். புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அதே வாசகம் இருப்பதால் மறுபடியும் புதுப்பிக்கலாம் என்றே உரிமையாளர்கள் பொருள் கொண்டனர். இவ்வாறாக ஓராண்டு ஒப்பந்தம் ஆயுள் ஒப்பந்தமாயிற்று. ஆட்டக்காரர் கழகத்தை விட்டு நீங்க முடியாது. கழகமோ அவரை எப்பொழுதும் விற்கலாம், மற்றொருவருக்கு மாற்றாகக் கொடுக்கலாம்.

பேப் ரூத் என்னும் பெரும்புகழ் வீரரை 1919ஆம் ஆண்டு டிசெம்பரில் பொஸ்ரன் கழகம் நியூ யோர்க் யாங்கீஸ் கழகத்துக்கு ஓரிலட்சம் டொலருக்கு விற்றது. 1918இல் உலகத் தொடரை வென்றிருந்த பொஸ்ரன் அதன்பின் 2004 வரை அதனை வெல்லவில்லை. அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஏசியது கழக உரிமையாளர் ஹரி ஃபிரேசியைத்தான். போன ரூத்தை எவரும் துரோகி என்று சொல்லவில்லை. தானாகப் போக முடியாதவரை எப்படித் துரோகி என்பது?

இவ்வேற்பாட்டை எதிர்த்து நின்றவர்களுள் முதன்மையானவர் கேர்ட் ஃபிளட். மிசூரி மாநிலத்துச் சென் லூயிஸ் நகரின் கார்டினல்ஸ் கழகத்துக்கு அவர் 12 பருவங்கள் ஆடியவர். 1964, 1967ஆம் ஆண்டுகளில் உலகத் தொடரை வென்ற அணிகளில் நடுப்புறக் காவலராக நின்றவர். 1969ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவரை ஒரு சொல்லும் கேளாமல் கழகம் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டது. அவர் வாழ்க்கையும் தொழிலும் நண்பர்களும் சென் லூயிசிலேயே இருந்தனர். டிசெம்பர் 24ஆந் தேதி ஆட்ட ஆணையாளர் போவி கூனுக்கு ஃபிளட் ஒரு கடிதம் எழுதினார். தம் விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தக்க உடைமை தாம் அல்லர் என்பதே அதன் சாரம். ஆணையாளர் மறுத்தார், ஃபிளட் வழக்குத் தொடுத்தார்.

அவருடைய ஊதியம் அப்போது ஆண்டுக்கு 90 ஆயிரம் டொலர். சாதாரணத் தொழிலாளி கனவிலும் காணாத தொகை. ஆகவே, இவ்வளவு பெறுபவர் அடிமைத்தனத்தைப் பற்றிப் பேசலாமா என்று பத்திரிகையாளரும் இரசிகரும் கேட்டனர். நல்ல ஊதியம் பெற்றாலும் அடிமை அடிமையே என்று, கறுப்பின மக்களுள் பிறந்த அவர் விடை கூறினார். ஆட்டத்தைக் கெடுக்க வந்தவர் என்று வசைக் கடிதங்கள் குவிந்தன. விசாரணையிலே அவருக்காகச் சாட்சி சொன்னவர்களுள் ஓய்வுபெற்ற ஜாக்கி ரொபின்சனும் ஹாங்க் கிறீன்பேர்க்கும் இருந்தனர். அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவரேனும் நீதிமன்றப் பக்கம் வரவில்லை. 1972இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தனியுரிமை வாணிபத்தைத் தடுக்கும் சட்டத்திலிருந்து பேஸ்போல் மட்டும் விலக்குப் பெற்றிருப்பது முறைகேடே என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அதனைத் திருத்துவது சட்டசபையின் வேலை என்று கைவிரித்துவிட்டது. ஃபிளட் 1970ஆம் ஆண்டு முழுவதும் ஆடவில்லை. மறு ஆண்டு வேறொரு கழகத்தில் 13 ஆட்டங்கள் ஆடிவிட்டு விலகினார்.

அவர் தோற்ற இடத்திலே வேறொரு வழியாக வெற்றி வந்தது. உருக்குத் தொழிலாளர் சங்கத்தில் பொருளியல் அறிஞராகப் பணியாற்றிய மார்வின் மில்லர் 1966 முதல் ஆட்டக்காரர் சங்கத்தை நடத்தி வந்தார். தகராறுகளை ஆணையாளரிடமன்றி, நடுநிலையான மத்தியஸ்தரிடம் கொண்டுசெல்லும் உரிமையை அவர் பேரம் பேசிப் பெற்றிருந்தார். 1975ஆம் ஆண்டில் அண்டி மெசர்ஸ்மித், டேவ் மக்னலி என்னும் பந்தெறிவாளர் இருவர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடாமலே பருவத்தைத் தொடங்கினர். மெசர்ஸ்மித் லொஸ் ஏஞ்சலிஸ் கழகத்திடம் முக்கியமாகக் கேட்டது என்ன தெரியுமா? தம் சம்மதமின்றித் தம்மை வேறு கழகத்துக்கு மாற்றுவதில்லை என்ற உறுதிமொழி. போக வேண்டும் என்பதற்கன்று, இருக்க வேண்டும் என்பதற்கே அவர் வழக்கு எழுந்தது! அவ்வாண்டு டிசெம்பர் 23ஆந் தேதி மத்தியஸ்தர் பீற்றர் சைற்ஸ், ஒப்பந்தத்தை ஒருமுறைதான் புதுப்பிக்கலாம், ஆயுளுக்கும் புதுப்பிக்க இயலாது என்று தீர்த்தார். உரிமையாளர்கள் உடனே அவரை வேலையிலிருந்து நீக்கினர். ஆயினும் தீர்ப்பை நீக்க முடியவில்லை. நீதிமன்றங்களும் அதனை உறுதி செய்தன.

இவ்விடத்தில் மில்லருடைய மதிநுட்பத்தைக் குறிப்பிடாது செல்ல முடியாது. ஆண்டுதோறும் ஆட்டக்காரர் அனைவரும் விடுதலை பெற்றால் சந்தையில் ஆட்டக்காரர் மலிந்து விலை சரியும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். எதிர்த்தரப்பில் ஓக்லன்ட் கழக உரிமையாளர் சார்லி ஃபின்லி ஒருவரே இதனைக் கண்டு, எல்லாரையும் விடுவித்துவிடுங்கள் என்று கூறினார். அவர் சகாக்கள் கேட்கவில்லை. ஆகவே 1976ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி, பெருங்கழகங்களில் ஆறாண்டு ஆடியவரே சுயாதீன ஆட்டக்காரர் ஆவார் என்று முடிவாயிற்று. குளிர்காலத்திலே சிலர் மட்டும் விலைக்கு வர, பல கழகங்கள் அவர்களுக்காகப் போட்டியிடும் நிலை உண்டாயிற்று.

ஆறாண்டு நிரம்பாதவர் கதி என்ன? அதற்கே ஊதிய மத்தியஸ்தம். 1973இல் உடன்பாடாகி 1974இல் நடைமுறைக்கு வந்த இம்முறையின்படி, பொதுவாக மூன்றாண்டு ஆடிய ஒருவர் ஒரு தொகையைக் கேட்பார். கழகம் ஒரு தொகையைச் சொல்லும். இணக்கம் காணாவிடின், மத்தியஸ்தர்கள் அவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் ஒரு தொகையைச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. இருதரப்பாரும் அளவுக்கு மீறிப் போகாதிருக்கச் செய்த உபாயம் இது. மிகையாகக் கேட்டவர் முழுவதும் இழப்பார். முதன்முதல் விசாரணைக்கு வந்தவர் மினசோட்டாக் கழகத்துப் பந்தெறிவாளர் டிக் வூட்சன். அவர் 29 ஆயிரம் டொலர் கேட்டார். கழகம் 23 ஆயிரம் என்றது. அவரே வென்றார்.

உபாயம் நல்லதே, ஆனால் அதன் கசப்பு விசாரணை அறையில் இருக்கிறது. தன் ஆட்டக்காரர் கேட்ட தொகைக்குத் தகுதியற்றவர் என்று கழகமே, அவர் முன்னிலையில், குறைகளை எடுத்துரைக்க வேண்டும். மாணவன் ஒருவனுடைய பிழைகளை அவன் முகத்துக்கு நேரே அடுக்கிவிட்டு, மறு வாரமே பாடசாலையின் பெயரைக் காக்க அவனையே போட்டிக்கு அனுப்பும் ஆசிரியரின் நிலையை இது ஒக்கும். 2023ஆம் ஆண்டில் மில்வோக்கிக் கழகத்தின் சிறந்த பந்தெறிவாளர் கோர்பின் பேர்ன்ஸ் 1 கோடி 7 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கேட்டார். கழகம் சொன்னது 1 கோடி 10 ஆயிரம். மத்தியஸ்தர்கள் கழகத்தின் பக்கம் நின்றனர். முந்திய ஆண்டு அணி இறுதிச் சுற்றுகளுக்குச் செல்லாமைக்குத் தம்மையே முதற் காரணமாகக் காட்டினர் என்று பேர்ன்ஸ் வெளிப்படையாக மனம் நொந்தார். அவர் கேட்டதோ பெருந்தொகை. ஆயினும் அன்று இரசிகர் பலர் சினந்தது கழகத்தை. ஏழு இலட்சத்துச் சொச்சத்துக்காக நல்லதொரு வீரரின் மனத்தை முறிப்பதா என்றனர். அடுத்த பெப்ரவரியில் கழகம் அவரை போல்ற்றிமோருக்கு மாற்றிவிட்டது.

சுயாதீன ஆட்டக்காரர் விடயத்தில் இரசிகர் இவ்வளவு தாராளமாயிருப்பதில்லை. 2000ஆம் ஆண்டு டிசெம்பரில் அலெக்ஸ் ரொட்ரிகஸ் சியாற்றில் நகரை விட்டு, பத்தாண்டுக்கு 25 கோடி 20 இலட்சம் டொலர் தருவதாகக் கூறிய ரெக்சாஸ் கழகத்தில் சேர்ந்தார். மறு ஏப்ரலில் அவர் சியாற்றிலுக்கு ஆட வந்தபோது இரசிகர் போலிப் பணத்தாள்களை அவர்மீது தூவினர். ஒருவர் தூண்டிற் கோலில் டொலர்த் தாளைக் கட்டி ஆட்டினார். வேடிக்கை யாதெனில், அவரை இழந்த சியாற்றில் அவ்வாண்டு 116 ஆட்டங்களை வென்று பழைய சாதனை ஒன்றைச் சமன் செய்தது. ரெக்சாஸ் தன் பிரிவிலே கடைசியாக வந்தது. 2024ஆம் ஆண்டு டிசெம்பரில் ஹுவான் சோட்டோ யாங்கீஸ் கழகத்தை விட்டு, அதே நியூ யோர்க்கின் மெற்ஸ் கழகத்தில் 15 ஆண்டுக்கு 76 கோடி 50 இலட்சம் டொலருக்குச் சேர்ந்தார். மறு ஆண்டு மே மாதம் அவர் பழைய மைதானத்துக்குத் திரும்பியபோது, முன்பு அவரைக் கொண்டாடிய வலதுபுறத்து இரசிகர் முதுகைத் திருப்பிக்கொண்டனர். அவரோ தலைக்கவசத்தைத் தொட்டு வணக்கம் தெரிவித்தார்.

பணம் மிகுதி என்பதுதான் இச்சினத்துக்குக் காரணமா? அப்படியாயின் அது உரிமையாளரிடமும் செல்லவேண்டும். ஆட்டக்காரருக்குக் கொடாத பணம் நுழைவுச்சீட்டு விலையைக் குறைத்துவிடாது. அது உரிமையாளர் பெட்டியிலேயே தங்கும். 1985 முதல் மூன்று குளிர்காலங்களில் உரிமையாளர்கள் இரகசியமாக ஒன்றுகூடிச் சுயாதீன ஆட்டக்காரருக்கு விலை சொல்லாது ஒதுங்கினர். அந்நாளில் அன்ட்ரே டோசன் என்னும் வீரர் தொகை எழுதாத ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுச் சிகாகோக் கப்ஸ் கழகத்திடம் நீட்டினார். 5 இலட்சம் டொலர் என்று அவர்கள் நிரப்பினர். அவர் 49 முறை பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து, 1987ஆம் ஆண்டின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். அணி தன் பிரிவில் கடைசியாக வந்தபோதும் சிகாகோ இரசிகர் அவரைக் கைதூக்கிக் குனிந்து வணங்கினர். அச்சூழ்ச்சிக்காக உரிமையாளர்கள் பின்னர் 28 கோடி டொலர் நட்டஈடு கொடுக்க நேர்ந்தது.

மீண்டும் சென் லூயிஸ் நகருக்கு வருவோம். அங்கே 11 பருவங்கள் ஆடி இருமுறை உலகத் தொடரை வென்று கொடுத்த அல்பேர்ட் புஹோல்ஸ், 2011ஆம் ஆண்டு டிசெம்பரில் பத்தாண்டுக்கு 24 கோடி டொலர் பெற்றுக் கலிபோர்னியாவின் ஏஞ்சல்ஸ் கழகத்துக்குச் சென்றார். நகரம் துக்கப்பட்டது, நன்றி கெட்டவர் என்று ஏசியவர்களும் உண்டு. 42 ஆண்டுகளுக்கு முன் அதே நகரில், இருக்க விரும்பிய ஒருவரைக் கழகம் அனுப்பியபோது நன்றி என்ற சொல் கழகத்தை நோக்கி எழவில்லை.

1997இல் மறைந்த கேர்ட் ஃபிளட்டைக் கார்டினல்ஸ் கழகம் 2015ஆம் ஆண்டில் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்துக்கொண்டது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் புஹோல்ஸ் எதிரணி உடையில் முதன்முதலாகச் சென் லூயிஸ் மைதானத்துக்கு வந்தார். அவர் அடிக்க வந்தபோது மக்கள் அனைவரும் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். ஆரவாரம் அடங்கட்டும் என்று உள்ளூர்ப் பந்துபிடிப்பவர் யாடியர் மொலினா தம் இடத்தை விட்டு முன்னே வந்து நின்றார். பின் பழைய நண்பர்கள் இருவரும் தழுவிக்கொண்டனர். மறுநாள் புஹோல்ஸ் தம் முன்னாள் கழகத்துக்கு எதிராகவே பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்ப, அதற்கும் அம்மக்கள் எழுந்து நின்றனர்.