மனப்பிணிக்கு மருந்து எங்கே?

கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள கண்டக்குழியில், கடலுக்குப் போகாமலும் உறங்காமலும் சுவரை நோக்கியிருக்கும் கணவனுக்காகத் தலவில்லு அன்னம்மாளிடம் நேர்த்தி வைப்பாள் மனைவி. வைக்கட்டும், அத்துடன் வைத்தியசாலைக்கும் அழைத்துச் செல்லட்டும் என்பதே நாம் கூறுவது.

முன்னாளில் இதற்கென 150 கிலோமீற்றர் அளவு பயணஞ் செய்து அங்கொடைக்குப் போகவேண்டியிருந்தது. அவ்வூர்ப் பெயரே வசைச்சொல்லாயிற்று! அதற்கு அஞ்சியே நோயை மறைத்த குடும்பங்கள் பல. 2005ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கை, சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்ல வழிகோலியது. ஆகவே, முதலில் கற்பிட்டி அல்லது புத்தளம் அரசினர் வைத்தியசாலையில் உளநலச் சிகிச்சைக்குரிய நாளை விசாரித்தறிக, கட்டணம் இல்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரையும் கேட்கலாம். அவர் ஆறியிருந்து கேட்பார். மருந்து வேண்டுமெனத் தோன்றினால் வைத்தியரிடம் அனுப்புவார். தமிழ் பேசுபவரே வேண்டுமெனக் கேட்கக் கூசற்க; துயரை இன்னொரு மொழியிற் சொல்வது எளிதோ?

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் இரவு பகல் எந்நேரமும் தமிழிற் பேசலாம். சாவைப் பற்றிய பேச்சு எழுந்துவிட்டாலோ, குறித்த நாள்வரை காத்திராது அன்றே வைத்தியசாலைக்குப் புறப்படுக. அதுவரை அவரைத் தனியே விடற்க.