பன் தின்றவரும் பாட்டில் நத்தையும்

கடலூரில் ஆபீஸ், சிதம்பரத்தில் வீடு. தினமும் பஸ்ஸில் போய் வருகிறவர் என் நண்பர். ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பாக்கெட் கிரீம் பன் வாங்கினார். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் தின்று முடித்தார். ராத்திரி வயிறு கடமுடா. மறுநாள் ஆஸ்பத்திரி, டிரிப்ஸ். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்ததும் கர்ஜித்தார்:

"கம்பெனிக்காரனை கோர்ட்டுக்கு இழுக்காம விடமாட்டேன்!"

"பாக்கெட் எங்கே?"

"ஜன்னல் வழியா போட்டுட்டேன்."

"பில்?"

"பத்து ரூபா பன்னுக்கு எவன்யா பில் தருவான்?"

போச்சு! கேஸும் அதே ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

இத்தனைக்கும் சட்டம் அவர் பக்கம்தான். அதற்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு நத்தை! 1928-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி என்ற ஊரில், டோனஹ்யூ என்ற பெண்மணி ஒரு கடையில் ஜிஞ்சர் பியர் குடித்தார். உள்ளே இருப்பது தெரியாத கறுப்பு பாட்டில். கொஞ்சம் குடித்தபின் மீதியை ஊற்றினால், அழுகிய நத்தை விழுந்ததாம். வயிற்று வலி, சிகிச்சை. வாங்கித் தந்ததோ தோழி. 'காசு கொடுக்காத நீ கேஸ் போடலாமா?' என்பது அந்தக் காலத்து நியாயம். 1932-ல் லண்டன் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்று தீர்ப்புச் சொன்னது: தயாரிப்பாளருக்கு, சாப்பிடப் போகிற முகம் தெரியாத மனிதரிடமும் பொறுப்பு உண்டு.

நமக்கு அந்தப் பாடு வேண்டாம். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் சம்மதத்தோடு சாப்பிட்டவரும் நுகர்வோர்தான். சிதம்பரத்துக்காரர் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. கெடு 2 வருஷம். 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டமும் நஷ்டஈடு சொல்கிறது. உயிர் போனால் குறைந்தது 5 லட்சம். கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை. மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை.

ஆனால் சாட்சி வேண்டுமே, சார்! அரசாங்கமே சறுக்கிய இடம் அது. 2015-ல் ஈயம் அதிகம் என்று மேகி நூடுல்ஸுக்குத் தடை வந்தது. சோதனை செய்த லேபுகளுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி, பம்பாய் ஹைகோர்ட் அதே வருஷம் தடையை ரத்து செய்தது. சுமார் 640 கோடி கேட்டு மத்திய அரசு போட்ட வழக்கும் 2024-ல் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் தள்ளுபடி!

ஆகவே, வயிறு கலங்கினாலும் மூளை கலங்கக் கூடாது. மிச்சத்தை உறையோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். பேட்ச் நம்பர், தேதியைப் போட்டோ எடுங்கள். என்ன, எப்போது சாப்பிட்டீர்கள் என்று டாக்டரிடம் சொல்லி, சீட்டில் எழுதி வாங்குங்கள். சில கிருமிகள் ஒரு மணி நேரத்தில் வேலையைக் காட்டும். சில, இரண்டு நாள் கழித்து. கடைசியாகத் தின்றதுதான் குற்றவாளி என்றில்லை. லேப்தான் சொல்ல வேண்டும். உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் கொடுங்கள். கட்டணம் கட்டி நீங்களே பொருளைச் சோதனைக்கு அனுப்பவும் சட்டத்தில் இடமுண்டு. யோசனை கேட்க, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நண்பர் இப்போது கடலை மிட்டாய்க்கும் பில் கேட்கிறார். போன வாரம் கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்து, "சார், ஜி.எஸ்.டி. ஆபீஸா?" என்றாராம்.

"இல்லீங்க... வயித்துக்காரன்!"