கடல் புளிக்குமா, அக்கா?

போன மாதம் காலை நிகழ்ச்சியில் நான் ஒரு தவறு செய்தேன். பாடலுக்கும் போக்குவரத்துத் தகவலுக்கும் இடையே ஒரு நிமிடம் மிச்சமிருந்தது. கையில் கடலைப் பற்றிய சிறு செய்தி ஒன்று. "உலகக் கடல்கள் அமிலமாகிவிட்டன" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலைப் போட்டுவிட்டேன்.

பாடல் முடிவதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. தொடக்கப்பள்ளிச் சிறுமி. "அக்கா, கடல் புளிக்குமா? சனிக்கிழமை நாங்க ஈஸ்ட் கோஸ்ட் போறோம். தண்ணியில இறங்குனா தோல் எரியுமா?"

அடுத்து ஒரு தொலைபேசி அழைப்பு. ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர். கோபம் இல்லை, கண்டிப்பு இருந்தது. "கடல் அமிலமா ஆகலைம்மா. இன்னமும் காரத்தன்மையோடதான் இருக்கு. அது கொஞ்சம் கொஞ்சமா இறங்குது, அவ்வளவுதான். பிள்ளைங்க கேக்குற நிகழ்ச்சி, சரியாச் சொல்லணும்."

நான் படித்தது ஊடகத்துறை. வேதியியலை உயர்நிலைப் பள்ளியோடு விட்டுவிட்டவள். ஆனால் அந்தச் சிறுமிக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே! இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, கதை நம் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது.

எண்ணில் சின்னது, விளைவில் பெரியது

முதலில் என் தவறைத் திருத்திக்கொள்கிறேன். ஒரு நீர்மம் அமிலமா, காரமா என்பதை பிஎச் என்ற அளவால் சொல்வார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். (மிளகாய்க் காரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை!) தொழிற்புரட்சிக்கு முன் கடலின் மேற்பரப்பு நீர் ஏறக்குறைய 8.2 என்ற அளவில் இருந்தது. இப்போது ஏறக்குறைய 8.1. ஆசிரியர் சொன்னது சரிதான்.

வெறும் 0.1 தானே என்று நினைத்தேன். ஆனால் பிஎச், நிலநடுக்கத்தை அளக்கும் ரிக்டர் அளவைப் போலப் பெருக்கலில் நகர்வது. 0.1 இறங்கினால் நீரிலுள்ள அமில அயனிகள் 30 விழுக்காட்டுக்கு அருகில் கூடிவிட்டன என்று பொருள். 0.3 இறங்கினால் இரு மடங்கு.

காரணம் கரியமில வாயு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த அது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளியேற்றுவதில் கால் பங்கைக் கடல் உள்வாங்கிக்கொள்கிறது. நீரோடு கலந்ததும் அது கார்பானிக் அமிலமாகிறது. சோடா பாட்டிலைத் திறந்ததும் நாக்கில் சுருக்கென்று படுமே, அதே அமிலம்தான்.

ஒரு தேக்கரண்டியில் ஒரு சிங்கப்பூர்

சிப்பி, நத்தை, பவளம் போன்ற ஓடு கட்டும் உயிர்களுக்கு இதனால் வரும் தொல்லையைப் பலரும் கேள்விப்பட்டிருப்போம். நான் கேள்விப்படாதது பாக்டீரியாவின் கதை.

கடல்நீரில் ஒரு மில்லிலிட்டருக்குள் பத்து லட்சம் வரை பாக்டீரியாக்கள் இருக்கும். ஒரு தேக்கரண்டியில் அள்ளினால் கிட்டத்தட்ட சிங்கப்பூரின் மக்கள்தொகை! பெரும்பாலானவை நமக்கு நோய் தராதவை. செத்த மீனையும் பாசியையும் சிதைத்து மறுபடியும் சத்தாக மாற்றுவது அவைதான். சில வகைகள் செடிகொடிகளைப் போலவே சூரிய ஒளியில் உணவு தயாரித்து ஆக்சிஜனை வெளியிடுகின்றன.

அமிலம் கூடினால் இவை செத்துப்போகுமா? இல்லை. கடலோர பாக்டீரியாக்கள் கெட்டிக்காரர்கள். கடலோரத்தில் பிஎச் பகலில் ஏறும், இரவில் இறங்கும். அதற்கு அவை பழகியவை. பல பரிசோதனைகளில் அவற்றின் மொத்த எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. மாறுவது யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதுதான்.

எடுத்துக்காட்டாக, மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இவற்றின் அருமை தெரியும். பிஎச் இறங்கும்போது அம்மோனியா வேறு வடிவத்துக்கு மாறிவிடுவதால் இவற்றுக்குத் தீனி குறைகிறது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வெவ்வேறு கடற்பகுதிகளில் சோதித்த இடங்களில் எல்லாம் இந்த வேலை மந்தமானது. மறுபக்கம், செத்த பாசியின் மாவுச்சத்து போன்ற பொருள்களைச் சிதைக்கும் வேலை வேகமெடுப்பதாகவும் பரிசோதனைகள் காட்டியுள்ளன. ஒரு தொழிற்சாலையில் ஒரு பிரிவு படுத்துவிட, இன்னொரு பிரிவு ஓவர்டைம் பார்ப்பதைப் போல.

பழி ஒருவர் மேல், குற்றம் வேறொருவர் மேல்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், நெட்டார்ட்ஸ் விரிகுடாவின் கரையில் சிப்பிக்குஞ்சு பொரிப்பகம் ஒன்று உள்ளது. 2007 வாக்கில் அங்கே குஞ்சுகள் கோடிக்கணக்கில் மடியத் தொடங்கின. எல்லாரும் சந்தேகப்பட்டது விப்ரியோ என்ற பாக்டீரியாவை. அதை அகற்றப் பெருஞ்செலவில் நீர் சுத்திகரிப்புச் சாதனம் பொருத்தினார்கள். குஞ்சுகள் தொடர்ந்து மடிந்தன.

பிறகுதான் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து உண்மையைக் கண்டுபிடித்தார்கள். ஆழ்கடலிலிருந்து மேலே எழுந்து வந்த, கரியமில வாயு மிகுந்த நீரில் சிப்பிக்குஞ்சுகளால் ஓடு கட்ட முடியவில்லை. தீர்வு எளிமையாக இருந்தது. தொட்டி நீரில் சோடியம் கார்பனேட் கலந்தார்கள். கடற்புற்கள் பகலெல்லாம் கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால், அதிகாலையில் நிரப்பாமல் பிற்பகலில் தொட்டியை நிரப்பினார்கள். ஆனால் தொட்டிக்குச் செய்த வைத்தியத்தைக் கடலுக்குச் செய்ய முடியாதே!

நம் கடலில் தே-ஓ

இனி நம் வாசலுக்கு வருகிறேன்.

சுமத்ராவின் கிழக்குக் கரையோரம் சதுப்புக் காடுகள் பரந்து கிடக்கின்றன. நீரில் மூழ்கிய இலையும் வேரும் ஆக்சிஜன் இல்லாமல் முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து பல மீட்டர் தடிமனான கரிமண்ணாகி இருக்கின்றன. அங்கிருந்து வரும் ஆற்றுநீர் தே-ஓ நிறத்தில் இருக்கும். செம்பனைக்கும் காகித மரத்துக்கும் கால்வாய் வெட்டி நிலத்தை வடிக்கும்போது அந்தக் கரிமம் இன்னும் அதிகமாகக் கசிந்து கடலுக்கு வருகிறது.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்த நீர் சிங்கப்பூர் நீரிணைக்கு வந்து சேர்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் தென்தீவுகளுக்கு அருகே தொடர்ந்து நீர் எடுத்துச் சோதித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். கரிமண்ணிலிருந்து வரும் கரைந்த கரிமத்தில் பாதிக்கும் மேல் நம்மை வந்தடைவதற்கு முன்பே சிதைந்துவிடுகிறது. சூரிய ஒளியும் பாக்டீரியாக்களும் சேர்ந்து செய்கிற வேலை இது. சிதையும்போது கரியமில வாயு வெளிப்படுகிறது. அதனால் அந்த மாதங்களில் நம் கடலின் பிஎச் இறங்குகிறது; பவளங்கள் எலும்புக்கூடு கட்டத் தேவையான பொருளும் அவற்றுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

காற்றிலிருந்து இறங்கும் கரியமில வாயு போதாதென்று, நீருக்குள்ளிருந்தும் வருகிறது. பாக்டீரியா இங்கே பாதிக்கப்படும் தரப்பு மட்டுமல்ல; நாம் திறந்துவிட்ட கரிமத்தைத் தின்று கடலைப் புளிக்க வைப்பதும் அதுதான். அந்தச் சிறுமி கேட்ட 'புளிக்குமா' என்ற சொல் அவ்வளவு தவறில்லை. அம்மா இரவில் கரைத்து வைக்கும் தோசை மாவில் உளுந்தையும் அரிசியையும் தின்று அமிலத்தை உண்டாக்குவதும் பாக்டீரியாதானே!

இதைப் படித்தபோது 2015 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி புகைமூட்டத்தால் பள்ளிகள் மூடப்பட்டன. எரிந்தவற்றில் இதே கரிமண் நிலங்களும் உண்டு. எங்கள் வீட்டில் அப்பா ஈரத்துணியை ஜன்னலில் கட்டிவிட்டு இரவு முழுக்க இருமிக்கொண்டிருந்தார். புகை மூக்கில் ஏறியதால் நாடே பேசியது. நீரில் வருவதற்கு மணம் இல்லை, பள்ளி விடுமுறையும் இல்லை.

நம் கடலில் சுமார் 250 வகை கடினப் பவளங்கள் வாழ்கின்றன. 2024 டிசம்பரில் 100,000 பவளங்களை நடும் திட்டமும் இங்கே தொடங்கியது. நடப்படும் ஒவ்வொரு துண்டும் ஆண்டில் சில மாதங்கள் அந்தத் தே-ஓ நீரில்தான் வளர வேண்டும். கரிமண் நிலத்தின் கால்வாய்களை அடைத்து மறுபடியும் ஈரமாக்கினால் தீயும் குறையும், கசிவும் குறையும். அதனால் வீட்டில் வாங்கும் சமையல் எண்ணெயும் அலுவலகத்தில் அச்சடிக்கும் காகிதமும் எந்த நிலத்திலிருந்து வருகின்றன என்று கேட்பது கடலுக்கும் சேர்த்துக் கேட்கும் கேள்வி.

வாரக் கடைசியில் ஈஸ்ட் கோஸ்ட்டில் தூண்டில் போடும் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மீனைச் சாப்பிடலாமா, கூடாதா?" என்றார். "சாப்பிடலாம்பா. இதனால மீன்ல விஷம் ஏறாது. அதுங்க வாழுற வீடுதான் மாறுது" என்றேன். கொஞ்ச நேரம் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அதை ரேடியோவுல சொல்லு" என்றார்.

சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை, அதே நேரத்தில், இரண்டு நிமிடம் கேட்டு வாங்கி. "போன மாதம் நான் சொன்னது தவறு. கடல் அமிலமாகவில்லை, அந்தத் திசையில் நகர்கிறது. பாப்பா, நீ தாராளமா இறங்கி விளையாடு, தோல் எரியாது" என்று தொடங்கினேன். மீதியை, நீங்கள் மேலே படித்ததைத்தான், சுருக்கிச் சொன்னேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஆசிரியர் அழைத்தார். "இப்ப சரிம்மா. ஆனா 'அமில அயனி'ன்னு சொல்லாதே, 'ஹைட்ரஜன் அயனி'ன்னு சொல்லணும்."

இந்தக் கட்டுரையிலும் அதே தவறைச் செய்திருக்கிறேன். மன்னிக்கணும், சார்.