அரும்பதவுரையும் சுட்டுக்குறிப்பும்: ரமணர் நூல்களுக்கான கணினி வாசிப்பு இடைமுகத்தில் சொற்பொருள் விளக்கம் அமைத்தல்

ஆய்வுச் சுருக்கம்

கணினித் திரையில் ஒரு பொத்தானின்மீதோ சொல்லின்மீதோ சுட்டியை நிறுத்தும்போது சிறு கட்டத்தில் தோன்றி மறையும் விளக்கம் டூல்டிப் எனப்படும். இக்கட்டுரை அதனைச் 'சுட்டுக்குறிப்பு' என்று குறிக்கிறது. தமிழ்ச் செய்யுள் நூல்களுக்கான வாசிப்பு இடைமுகத்தில் இதனை அமைக்கும்போது, இடைவெளியால் பிரிந்து நிற்கும் எழுத்துத் தொடரைச் சொல்லாகக் கொள்வது பிழையான பொருளுக்கு இட்டுச்செல்லும் என்பதும், பதிப்பாசிரியர் வரையறுத்த சொல்லெல்லையோடு குறிப்பைப் பிணைத்தலே தக்கது என்பதும் திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதியோடு தொடர்புடைய நூற்பெயர்கள், சொற்கள் வழி விளக்கப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: சுட்டுக்குறிப்பு, அரும்பதவுரை, வரைகலை இடைமுகம், ஒருங்குறி, புணர்ச்சி, வகையுளி, ரமணர் நூல்கள்.

முன்னுரை

உ.வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது அடியார்க்குநல்லார் உரையோடு அரும்பதவுரையையும் சேர்த்து வெளியிட்டார். அரும்பதவுரையாசிரியரின் பெயர் தெரியவில்லை. நூல் முழுமைக்கும் பொருள் விரிக்காமல், கற்போர் தடுமாறக்கூடிய சொல்லுக்கு மட்டும் சுருக்கமாகப் பொருள் சொல்லிச் செல்வது அவ்வுரையின் இயல்பு. கணினி இடைமுகத்தில் சுட்டுக்குறிப்பு செய்வதும் ஏறத்தாழ இதே பணிதான். ஆப்பிள் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட சிஸ்டம் 7 இயங்குதளத்தில் 'பலூன் ஹெல்ப்' என்ற பெயரில் இத்தகைய வசதி இடம்பெற்றது. பின்னர் கருவிப்பட்டைப் பொத்தான்களின் பெயரைச் சொல்லும் சிறு கட்டமாக இது எங்கும் பரவியது. பொத்தானுக்கு விளக்கம் சொல்லும் கருவியைச் செய்யுட்சொல்லுக்கு விளக்கம் சொல்லப் பயன்படுத்தும்போதுதான் தமிழுக்கே உரிய சிக்கல்கள் எழுகின்றன.

அச்சிக்கல்களை விளக்க ரமணர் நூல்கள் பொருத்தமானவை. 'உபதேச உந்தியார்' 30 பாடல்களால் ஆனது. ரமணரே அதனை வடமொழி, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றிலும் இயற்றினார். 'உள்ளது நாற்பது' 1928-இல் உருப்பெற்றது. 'அருணாசல அக்ஷரமணமாலை' 108 கண்ணிகள் கொண்டது. இந்நூல்களுக்கு முருகனார், சாது ஓம் போன்றோர் செய்த உரைகளும் உண்டு. ரமணாசிரமப் பகுதிக்கு வருவோருள் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்று இந்நூல்களை மூலத்திலேயே படிக்க முயல்வோர் பலர். அவர்களுக்கும், ஒரே சொல்லுக்குப் பல உரைகளை ஒப்பிடும் ஆய்வாளர்க்கும் உதவும் மேசைக்கணினிச் செயலி ஒன்றை அமைப்பதாகக் கொண்டு இக்கட்டுரை மேற்செல்கிறது.

சுட்டுக்குறிப்பின் இயக்கம்

பைத்தான் மொழியோடு வரும் டிகேஇன்டர் தொகுப்பில் சுட்டுக்குறிப்புக்கெனத் தனி இடைமுக உறுப்பு இல்லை. முன்பு டிக்ஸ் என்னும் துணைத்தொகுப்பில் 'பலூன்' என்ற உறுப்பு இருந்தது, பைத்தான் 3.13 பதிப்பில் அத்தொகுப்பே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே நிரலர் தாமே அதனை அமைத்துக்கொள்ள வேண்டும். அமைப்பு எளியது. சுட்டி ஓர் உறுப்பின் எல்லைக்குள் நுழையும் நிகழ்வில் ஒரு காலக்கணக்கு தொடங்குகிறது. குறித்த நேரம் கழிந்தபின் தலைப்புப்பட்டையோ ஓரச்சட்டமோ இல்லாத சிறு சாளரம் திறக்கிறது. சுட்டி வெளியேறினாலோ பொத்தான் அழுத்தப்பட்டாலோ, காலக்கணக்கு நீக்கப்பட்டுச் சாளரம் அழிக்கப்படுகிறது.

இதில் தொடக்கநிலை நிரலர் பெரும்பாலும் தவறுமிடம் ஒன்றுண்டு. சாளரம் சுட்டிக்கு நேர் கீழே திறந்தால், சுட்டி பழைய உறுப்பை விட்டு வெளியேறியதாகக் கணினி கொள்ளும், சாளரம் மறையும், சுட்டி மீண்டும் உறுப்பின்மீது இருக்கும், சாளரம் மீண்டும் திறக்கும். திரை ஓயாமல் சிமிட்டிக்கொண்டேயிருக்கும். சில பிக்சல்கள் விலக்கிச் சாளரத்தை வைத்தால் இது தீரும்.

காத்திருப்பு நேரம் தொகுப்புக்குத் தொகுப்பு மாறுகிறது. பைத்தானின் ஐடில் தொகுப்பான் பயன்படுத்தும் குறிப்பு 1000 மில்லிநொடி காத்திருக்கிறது. ஜாவாவின் ஸ்விங் தொகுப்பில் இயல்பான காத்திருப்பு 750 மில்லிநொடி. தோன்றிய குறிப்பு 4000 மில்லிநொடியில் தானே மறைந்துவிடும். 'சேமி' என்ற ஒரு சொல்லைப் படிக்க நான்கு நொடி மிகுதி. பொருள், புணர்ச்சி, உரையாசிரியர் பெயர் ஆகிய மூன்றும் அடங்கிய ஒரு பதவுரையைப் படிக்க அது போதவே போதாது. கியூட்டி தொகுப்பில் 5.2 பதிப்பு முதல் இக்கால அளவை நிரலர் தாமே வரையறுக்கலாம். உரைநூல் வாசிப்பில், வாசகர் விலகும்வரை குறிப்பு நிலைத்திருப்பதே சரி.

உறுப்புக்கன்று, சொல்லுக்கு

பொத்தான் ஒரு தனி உறுப்பு. அதனோடு குறிப்பைப் பிணைப்பது ஒரு வரி வேலை. செய்யுளோ ஒரே உரைப்பெட்டிக்குள் கிடக்கிறது. அதனுள் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் கணினிக்குத் தனி உறுப்பு அன்று. டிகேஇன்டரில் உரைப்பெட்டியின் ஒரு பகுதிக்கு அடையாளப்பட்டை இட்டு, அப்பட்டைக்கு நுழைவு, விலகல் நிகழ்வுகளைப் பிணைக்கலாம். ஜிடிகே தொகுப்பில் குறிப்பைக் காட்டும் முன் சுட்டியின் இருப்பிடத்தைத் தந்து கேட்கும் நிகழ்வு உண்டு. அவ்விடத்தில் உள்ள சொல்லைக் கண்டறிந்து விடையளிக்கலாம். கியூட்டியிலும் இதற்கு ஒத்த வழி உள்ளது.

'அவ்விடத்தில் உள்ள சொல் எது?' என்ற வினாவில்தான் தமிழ் குறுக்கிடுகிறது. ஆங்கில நூல்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட நிரல்கள் இரு இடைவெளிகளுக்கு நடுவே இருப்பதைச் சொல் என்று கொள்கின்றன. தமிழ்ச் செய்யுள் அச்சிடப்படுவது சீர் பிரித்து. ஒரு சொல் பிளந்து இரு சீர்களில் நிற்கும் வகையுளியை இலக்கணம் ஏற்கிறது, கணினி அறியாது. 'அண்ணாமலையான்' என்பது சீர்பிரிப்பில் 'அண்ணா', 'மலையான்' என நிற்குமானால், முதற்சீரின்மீது சுட்டியை வைக்கும் வாசகர்க்கு 'மூத்த உடன்பிறந்தான்' என்று குறிப்பு தோன்றும். அண்ணுதல் என்பது நெருங்குதல். அண்ணா என்பது நெருங்கவியலாத என்று எதிர்மறைப் பொருள் தருவது. தமிழறிந்தவர் சிரித்துவிட்டுக் கடப்பார். தமிழ் கற்கும் வெளிநாட்டு வாசகர் அதனைத் தம் ஏட்டில் குறித்துக்கொள்வார்.

புணர்ச்சி இதனினும் நுட்பமான இடர். 'அருணாசலம்' என்பதில் அருணம், அசலம் என்னும் இரு சொற்கள் உள்ளன. முன்னது செம்மையையும் பின்னது அசையாததாகிய மலையையும் குறிக்கும். இவ்விரண்டும் சேருமிடம் 'ணா' என்ற ஒரே எழுத்து. முதற்சொல்லின் ஈறும் இரண்டாம் சொல்லின் முதலும் அவ்வெழுத்துக்குள்ளேயே கலந்திருக்கின்றன. 'ரமணாசிரமம்' என்பதும் அவ்வாறே. எல்லைக்கோட்டை ணகரத்திற்குப் பின் போட்டால் இரண்டாம் சொல் வெறும் கால் குறியில் தொடங்கும். உரைப்பெட்டியின் அடையாளப்பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியலாம் என்பதால் 'ணா' இரு பட்டைகளுக்கும் பொதுவாக நிற்கட்டும் என்று விடுவது ஒரு தீர்வு. ஆயினும் முழுத்தொடருக்கும் ஒரே பட்டையிட்டு, குறிப்புக்குள் 'அருணம் + அசலம்' என்று பிரித்துக் காட்டுவதே பதவுரை மரபுக்கு நெருங்கியது. பிழைக்கும் இடம் குறைவு.

நூற்பெயர்ப் பட்டியலிலேயே இச்சிக்கல் தொடங்கிவிடுகிறது. 'அக்ஷரமணமாலை' என்பது தமிழ் எழுத்துக் கணக்கில் 8 எழுத்து. ஒருங்குறியில் 11 குறியீட்டுப் புள்ளிகள். பட்டையின் தொடக்கமும் முடிவும் எழுத்தெண்ணிக் குறிக்கப்பட்டு, நிரல் குறியீட்டுப் புள்ளிகளை எண்ணுமானால், 'மாலை'க்குரிய குறிப்பு 'ணம' என்பதில் போய் அமரும். எண்ணிக்கை சரியானாலும் பொருள் எளிதன்று. அக்ஷரம் என்பது எழுத்தையும் அழிவின்மையையும் குறிக்கும். மணம் திருமணமாகலாம், நறுமணமாகலாம். ஒன்றைத் தேர்ந்து மற்றதை மறைக்கும் குறிப்பு நூற்பெயரின் சிலேடையையே அழித்துவிடும்.

'உள்ளது' என்பதும் அத்தகையதே. அன்றாட வழக்கில் 'இருக்கிறது' என்று முடியும் சொல், 'உள்ளது நாற்பது' என்ற பெயரில் மெய்ப்பொருளைச் சுட்டும் பெயராக நிற்கிறது. உள்ளுதல் என்னும் நினைத்தற்பொருட்டான வினையும் வடிவில் இதனோடு ஒட்டி வருவது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி போன்றதொரு அகராதியோடு சொல்லை இயந்திரமுறையில் பொருத்தினால், எல்லாப் பொருளும் ஒரே கட்டத்தில் வந்து குவியும். அகராதி தேடித் தருவதும் உரை தேர்ந்து தருவதும் வேறு வேறு பணிகள். எனவே குறிப்பைச் சொல்வடிவத்தோடு பிணைக்காமல், பாடல் எண், தொடக்க இடம், முடிவிடம், பொருள், உரையாசிரியர் என்னும் ஐந்தும் கொண்ட பதிவோடு பிணைத்தல் வேண்டும். ஒரே சொல் வேறு பாடலில் வேறு பொருள் தரும்போது வேறு பதிவு அமையும். உழைப்பு மிகுதிதான், 30 பாடல்களுக்கே சில நூறு பதிவுகள் வேண்டியிருக்கும். ஆனால் அவ்வுழைப்பைத் தவிர்க்கும் குறுக்குவழி எதுவும் பொருட்பிழையின்றி முடிவதில்லை.

குறியீடும் தோற்றமும்

சொல்வடிவத்தைக் கொண்டே குறிப்பைத் தேட வேண்டிய இடங்கள் நூற்பட்டியல், பெயரடைவு ஆகியவை. அங்கே ஒருங்குறியின் இரட்டை வடிவங்கள் இடறுகின்றன. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே புள்ளியாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் பதியலாம். இவ்வேறுபாட்டை ஒருங்குறியின் இயல்பாக்க முறை நீக்கிவிடும். 'ஸ்ரீ ரமணாசிரமம்' என்பதன் முதலெழுத்து அவ்வாறு தீர்வதன்று. அதனை ஸகரத்தைக் கொண்டும் பதியலாம். 2005-இல் ஒருங்குறி 4.1 பதிப்பில் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டும் பதியலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே தோற்றம் தரும். கண்ணுக்கு ஒன்றாய் நிற்கும் இரு பெயர்களில் ஒன்றுக்குக் குறிப்பு தோன்றும், மற்றதற்குத் தோன்றாது. இயல்பாக்க முறை இவ்விரண்டையும் ஒன்றாக்காது என்பதால், தேடலுக்கு முன் நிரலிலேயே இவற்றை ஒருவடிவாக்க வேண்டும். 'அக்ஷர', 'அட்சர' என்னும் இரு எழுத்துமுறைகளுக்கும் தனி இணைப்பட்டியல் தேவை.

தோற்றத்தைப் பொறுத்தவரை, லினக்ஸில் இயங்கும் டிகே 8.6 தமிழ் உயிர்மெய்களை முறைப்படி அடுக்கித் தருவதில்லை. 'கெ' என்பதன் கொம்பு மெய்க்கு வலப்புறம் சென்றுவிடும். விண்டோஸில் சோதித்துச் சரியெனக் கண்ட செயலி லினக்ஸில் படிக்கவியலாமற் போவது இதனாலேயே. தமிழ் வாசிப்புச் செயலிக்கு ஜிடிகே அல்லது கியூட்டி தகும். கியூட்டியில் வெற்றுரையாகத் தந்த குறிப்பு தானே மடங்காமல் திரையின் குறுக்கே நீளும். வடிவமைப்புரையாகத் தந்தால் மடங்கும்.

விசைப்பலகையும் மேற்கோளும்

சுட்டியைப் பயன்படுத்த இயலாதவர்க்கும் திரைவாசிப்பான் வழி நூலைக் கேட்பவர்க்கும், மிதந்து மறையும் குறிப்பு இல்லாததற்குச் சமம். இணையப் பக்கங்களுக்கென 2018-இல் வெளிவந்த டபிள்யூகேக் 2.1 நெறிமுறை, இத்தகைய குறிப்பு சுட்டியை நகர்த்தாமலே நீக்கத்தக்கதாகவும், சுட்டியைக் குறிப்பின்மேல் கொண்டுசெல்லும்போது மறையாததாகவும், வாசகர் விலகும்வரை நிலைப்பதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. மேசைக்கணினிச் செயலிக்கும் இது பொருந்தும். தாவல் விசையால் சொல்விட்டுச் சொல் நகரவும், எஸ்கேப் விசையால் குறிப்பை மூடவும் வழி செய்தல் வேண்டும்.

அச்சு நூலில் உரையாசிரியர் பெயர் முகப்பிலேயே நிற்கிறது. திரைக்குறிப்பில் பெயரின்றி வரும் பொருள், நூலாசிரியரே சொன்ன பொருள்போலத் தோன்றிவிடும். முருகனார் உரைப்பொருளும் செயலியை அமைத்தவர் எழுதிய பொருளும் ஒரே கட்டத்தில் ஒரே நிறத்தில் வருமானால், ஆய்வாளர் எதனை யார்பெயரால் மேற்கோள் காட்டுவார்? ஆகையால் ஒவ்வொரு குறிப்பின் ஈற்றிலும் உரையாசிரியர் பெயரும் பதிப்பும் இடம்பெற வேண்டும். பெயரற்ற பதிவைச் செயலி ஏற்கவே கூடாது. ஒரு விசையழுத்தத்தில் குறிப்பு பக்கவாட்டுப் பலகையில் நிலையாகப் பதிந்து, பாடல் எண்ணோடு படியெடுக்கத்தக்கதாக அமையுமானால், இரண்டு உரைகளை அருகருகே வைத்து ஒப்பிடவும் அது பயன்படும்.