சீல் வைத்ததும் அரசு, சட்டம் திருத்தியதும் அரசு

2011 அக்டோபர் 31 அன்று தி.நகர் ரங்கநாதன் தெருவில் விதிமீறிய வணிகக் கட்டடங்களுக்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் சீல் வைத்தது. பொங்கல் வியாபாரத்தை ஒட்டி 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தற்காலிகமாகத் திறக்கவிட்டது. அதே ஆண்டு, 2007 ஜூலை 1 வரை எழுந்த விதிமீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த 113-சி என்ற சட்டப்பிரிவு வந்தது.

இதைப் பற்றிய பேச்செல்லாம் "யாருக்கு எவ்வளவு போச்சு?" என்பதில்தான் வந்து நிற்கும். அதுவும் ஓர் ஆய்வுமுறைதான். முதலாளித்துவச் சமூகத்தில் அரசு பற்றி 1969-இல் நூல் எழுதிய ரால்ஃப் மிலிபேண்ட், அமைச்சர்களும் உயரதிகாரிகளும் நீதிபதிகளும் எந்த வர்க்கத்திலிருந்து வந்தார்கள், யாரோடு பழகினார்கள் என்று தேடினார். மற்றொரு மார்க்சியர் நிக்கோஸ் புலன்ட்சாஸ் அதை மறுத்தார்: நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், மூலதனத்தை நம்பியிருக்கும் அமைப்பு அவரை ஒரே திசையில்தான் தள்ளும். முதலீடு சரிந்தால் வரியும் வேலையும் சரியும் என்ற அச்சமே ஆட்சியாளரை வழிநடத்தப் போதும் என்று 1977-இல் ஃபிரெட் பிளாக் விளக்கினார்.

தி.நகரில் புலன்ட்சாஸ் பக்கம் வலுவாகவே இருக்கிறது. விதிமீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த முதலில் வந்த 113-ஏ பிரிவு 1998-இல் தி.மு.க. ஆட்சியில் வந்தது, அதன் கெடுவை நீட்டிப்பதில் அ.தி.மு.க.வும் சேர்ந்துகொண்டது. அத்தகைய கட்டடங்களை இடிப்பிலிருந்து காக்க 2007-இல் அவசரச் சட்டம் போட்டது தி.மு.க.; 113-சி கொண்டுவந்தது அ.தி.மு.க. ஆட்கள் மாறினார்கள், சலுகை மாறவில்லை.

யாருக்கு இந்தச் சலுகை இல்லை என்று கேட்பது இன்னொரு முறை. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. அதே தி.நகரின் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளை 2013-இல் மாநகராட்சி வணிக வளாகத்துக்குள் அனுப்பினார்கள். விதிமீறிய மாடிகளை வரன்முறைப்படுத்தச் சட்டம் திருத்தப்பட்டது. நடைபாதைக் கடை மட்டும் இடம்பெயர வேண்டியிருந்தது.

ஆனாலும் அமைப்பே எல்லாம் என்றால், சீல் எப்படி விழுந்தது? சென்னையின் ஒரு நுகர்வோர் அமைப்பு இந்தச் சலுகைகளை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 2000-இல் உச்ச நீதிமன்றம் 113-ஏ பிரிவை ஏற்றாலும், பிந்தைய நீட்டிப்புகளை 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசுக்குள்ளேயே நீதிமன்றம் ஒரு பக்கமும் சட்டமன்றம் ஒரு பக்கமும் இழுத்தன. இந்த இழுபறியைப் பிடிக்க, ஆட்களின் பின்னணியும் பொருளாதார அமைப்பும் போதா; அரசிதழ், அரசாணை, தீர்ப்பு, பேரவை விவாதம் ஆகியவற்றைத் தேதிவாரியாக அருகருகே வைத்து வாசிக்க வேண்டும். எந்தத் தீர்ப்புக்கு எத்தனை மாதத்தில் எந்தத் திருத்தம் வந்தது என்பது அங்கேதான் தெரியும்.