ஆறாத பருவும் அடித்தோல் புற்றும்



நோகாத புண்ணை நாம் கணக்கில் எடுப்பதில்லை. கவ்வாத்துக் கத்தி பட்டால் உடனே டிஸ்பென்சரிக்கு ஓடுகிறோம். காலில் முள் குத்தினால் அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்கிறோம். ஆனால் மூக்கோரத்திலோ கண்ணுக்குக் கீழேயோ மிளகு அளவில் ஒரு பரு வந்து மாதக் கணக்கில் இருந்தாலும், "அது பாட்டுக்கு இருக்கட்டும், நோகல்லியே" என்று விட்டுவிடுகிறோம். அப்படிப்பட்ட பருக்களில் ஒரு சில, தோலில் வரும் ஒருவகைப் புற்றுநோயாக இருக்கும். டொக்டர்மார் அதை பேசல் செல் கார்சினோமா என்பார்கள். நமக்கு விளங்கும்படி அடித்தோல் புற்று என்று வைத்துக்கொள்வோம்.

நம்முடைய மேல்தோல் பல அடுக்காக இருக்கிறது. அதில் ஆக அடியில் உள்ள அடுக்கின் கலங்கள் பெருகிப் பெருகி மேலே வரும். பழைய தோல் செதிலாக உதிரும். இந்தப் பெருக்கத்துக்கு உடம்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் வருடக் கணக்கில் பட்டுப் பட்டு அந்தக் கட்டுப்பாட்டைக் கெடுத்துவிட்டால், அடி அடுக்குக் கலங்களும் மயிர்க்காலில் உள்ள அதே மாதிரிக் கலங்களும் மேலே வராமல் கீழ்ப்பக்கம் கூட்டம் கூட்டமாக வளரத் தொடங்கும். அதுதான் இந்தப் புற்று.

1827ஆம் ஆண்டு அயர்லாந்தில் டப்ளின் நகரத்து ஆர்தர் ஜேக்கப் என்ற வைத்தியர், கண் இமையை மெல்ல மெல்ல அரிக்கும் ஒரு புண்ணைப் பற்றி எழுதினார். பிறகு வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் எலி கடித்த புண் என்ற அர்த்தத்தில் இருக்கும். பொருத்தமான பெயர்தான். மற்றப் புற்றுநோய்கள் போல இது ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவுவது மிக மிக அரிது. ஆனால் இருக்கும் இடத்தை விடாமல் கொறிக்கும். மூக்கு மடல், காது, இமை, அதற்குக் கீழே எலும்பு என்று போகும். உயிரை எடுப்பது குறைவு, முகத்தை எடுத்துவிடும்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இந்தப் பரு முத்துப் போல வெளிறிய ரோஸ் நிறமாக இருப்பதாகப் போட்டிருப்பார்கள். அது வெள்ளைத் தோலுக்குச் சரி. நம் போன்றவர்கள் தோலில் இது பெரும்பாலும் கறுப்பாக அல்லது மண்ணிறமாக வரும். பார்த்தால் மச்சம் என்றோ மரு என்றோ தான் நினைப்போம். கிட்டப் பார்த்தால் ஓரம் கொஞ்சம் மினுங்கும், நடுவில் பள்ளம் விழும். முகம் கழுவித் துடைக்கும்போது சின்னதாக இரத்தம் கசியும், பொருக்குக் கட்டும், பொருக்கு விழுந்து ஆறின மாதிரி இருந்துவிட்டு மறுபடியும் வரும். இந்த ஆறுவதும் வருவதும்தான் நம்மை ஏமாற்றுகிறது. ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணையும் காட்டியே ஆக வேண்டும்.

நான் முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில் ஒரு அம்மாவுக்கு கண்ணின் உள் மூலையில் இப்படி ஒன்று வந்தது. லயத்தில் ஒருத்தர் அதிர்ஷ்ட மச்சம் என்றார். இன்னொருத்தர் மஞ்சள் அரைத்துப் போடச் சொன்னார். ஒரு இடத்தில் மருந்து எடுக்கப் போனபோது, சரியாகப் பார்க்காமலே இரண்டு தடவை பூசும் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மூன்று வருடம் போய்விட்டது. ஏன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்டேன். "நாலு நாள் பேரு போயிடும்னுதான் ஐயா போகல்ல. கொழுந்து நிறைஞ்ச மாசம்" என்றார். கடைசியில் கீழ் இமையை வெட்டி எடுத்துவிட்டு, கன்னத்துத் தோலை இழுத்து இமை மாதிரி தைத்தார்கள். கண் தப்பியது. மிளகு அளவில் இருந்தபோதே போயிருந்தால் ஒரு சின்ன வெட்டும் நாலைந்து தையலும்தான்.

மலைநாட்டில் குளிர், மூடுபனி, பிறகு எங்கே வெயில் என்று சிலர் கேட்பார்கள். உயரம் கூடக் கூட புற ஊதாக் கதிர் கூடும். ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய பத்து வீதம். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே. மேகமும் அதை முழுதாக மறைக்காது. நம் தோலில் உள்ள கறுப்பு நமக்கு நல்ல காவல், அதனால்தான் வெள்ளைக்காரரை விட நமக்கு இது குறைவு. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. பிறவியிலேயே தோலும் முடியும் வெள்ளையாக உள்ள பிள்ளைகளுக்கு அந்தக் காவல் இல்லை. அவர்களுக்கு அகலமான தொப்பியும் நீளக் கைச் சட்டையும் கட்டாயம். பாஷாணம் கலந்த நாட்டு மருந்தை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கும், பாஷாணம் கலந்த கிணற்றுத் தண்ணீரை வருடக் கணக்கில் குடித்தவர்களுக்கும் உடம்பில் வெயில் படாத இடத்திலும் இது பல பல வரும். மேற்கு வங்காளத்திலும் பங்களாதேஷிலும் அப்படி நடந்திருக்கிறது.

இனி, இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது. தோல் டொக்டர் முதலில் கண்ணாலும், லைட் வைத்த ஒரு பூதக்கண்ணாடியாலும் பார்ப்பார். சந்தேகம் என்றால் பயொப்சி செய்வார். விறைப்பூசி போட்டு, ஒரு சின்னத் துண்டு சதை எடுப்பது, அவ்வளவுதான். இங்கேதான் நம் ஆட்கள் பின்வாங்குகிறார்கள். "கத்தி பட்டா கென்சர் உடம்பெல்லாம் பரவிடும்" என்ற பேச்சு எல்லா லயத்திலும் இருக்கிறது. இந்த நோய்க்கு அது துளியும் உண்மை இல்லை. கத்தி படாமல் விட்டால்தான் அது ஆழமாகப் போகும்.

எடுத்த துண்டை போர்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, மயிரை விட மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். பார்ப்பவர் நோயியல் நிபுணர். நோயாளி அவர் முகத்தைக் காண்பதே இல்லை, ஆனால் கடைசி வார்த்தை அவருடையது. அடித்தோல் புற்றானால் கருநீல நிறத்தில் சின்னச் சின்னக் கலங்கள் கூட்டமாகத் தெரியும். ஒவ்வொரு கூட்டத்தின் வெளி ஓரத்திலும் கலங்கள் வேலிக்குக் கம்பு நட்ட மாதிரி வரிசையாக நிற்கும். கூட்டத்துக்கும் சுற்றியுள்ள சதைக்கும் நடுவில் ஒரு வெடிப்பு இருக்கும். வேலியும் வெடிப்பும் இருந்தால் நோயை அநேகமாக உறுதி செய்துவிடுவார்கள். 1903இல் ஹங்கேரி நாட்டு குரொம்பெக்கர் என்பவர்தான் இது அடி அடுக்குக் கலம் போன்றவற்றால் ஆனது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதினார்.

பயொப்சி இல்லாமல் ஏன் சொல்ல முடியாது? ஒரே மாதிரித் தெரியும் நோய்கள் நிறைய. கறுத்த பரு மெலனோமா என்ற கெட்ட புற்றாக இருக்கலாம்; அது நம்மவர்களுக்கு உள்ளங்காலிலும் வரும். வயதானவர்களுக்கு வரும் சாதாரண மருவாக இருக்கலாம், அதற்குப் பயமே இல்லை. பழைய தீக்காயத் தழும்பில் புதிதாகப் புண் வந்தால் அது வேறு வகைப் புற்று, பரவக்கூடியது. அதைத் தள்ளிப்போடவே கூடாது. நம் நாட்டில் மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியா புண்ணும் நோகாமல் ஆறாமல் இருக்கும். அனுராதபுரம், அம்பாந்தோட்டைப் பக்கம் வேலைக்குப் போய்வந்த பிள்ளைகள் அதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது புற்று அல்ல, ஊசியால் மாறும்.

அடித்தோல் புற்றிலும் வகைகள் உண்டு. பரு மாதிரி வருவதுதான் அதிகம். தட்டையாகச் சிவந்த திட்டாக முதுகில் வருவது ஒன்று. படர்தாமரை என்று நினைத்து மாதக் கணக்கில் களிம்பு பூசுவார்கள். தழும்பு மாதிரி வருவது இன்னொன்று, அது குறைவு, ஆனால் பொல்லாதது. புண் இல்லை, பொருக்கு இல்லை, மெழுகு பூசின மாதிரி கெட்டியான ஒரு இடம், அவ்வளவுதான். புல்லை மேலே வெட்டினாலும் வேர் அடியில் ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி இது கண்ணுக்குத் தெரிவதை விட அகலமாகப் போயிருக்கும். சாதாரணச் சின்னப் பருவுக்குச் சுற்றி நாலு மில்லிமீற்றர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்தால் பொதுவாகப் போதும், இதற்குப் போதாது. வெட்டிய துண்டின் ஓரத்தையும் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது இதற்காகத்தான். ரிப்போர்ட்டில் ஓரம் சுத்தமில்லை என்று வந்தால் மறுபடி வெட்டுவார்கள். முதல் டொக்டர் பிழைவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

அரிதான இன்னும் சில உண்டு. செதிற் கலப் புற்றின் குணமும் கலந்து வருவது ஒன்று. மற்றதை விட இது பரவக்கூடியது, அதனால் கழுத்து நெறிகளையும் தடவிப் பார்ப்பார்கள். இடுப்புப் பக்கம் மெதுமெதுப்பான சதைத் தொங்கல் மாதிரி வருவதை 1953இல் பிங்கஸ் என்பவர் விவரித்தார், அது சாது. குடும்பத்தில் வழிவழியாக வரும் ஒரு வகையும் இருக்கிறது, 1960இல் கோர்லின், கோல்ட்ஸ் இருவரும் அதைப் பற்றி எழுதினார்கள். இள வயதிலேயே பல இடத்தில் பரு வரும், தாடை எலும்பில் நீர்க்கட்டி வரும், உள்ளங்கையில் ஊசி குத்தின மாதிரி குழிகள் இருக்கும். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கூடுமானவரை கதிர் சிகிச்சை கொடுக்கமாட்டார்கள், கொடுத்தால் அந்த இடத்தில் இன்னும் பல முளைக்கும். ஆகவே அப்பாவுக்கு, அம்மாவுக்கு இப்படி இருந்தது என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

வைத்தியத்தில் முதல் இடம் வெட்டி எடுப்பதுதான். வெட்ட முடியாத வயோதிபர்களுக்குக் கதிர், மேலோட்டமான திட்டுக்கு உறைய வைப்பது அல்லது பூசும் மருந்து. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, தோல் கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள். பெரிய வைத்தியம் தேவைப்பட்டால் அவர்களே மஹரகம போன்ற இடத்துக்கு அனுப்புவார்கள். பயொப்சி ரிப்போர்ட் வரச் சில வாரம் எடுக்கும். கேட்டுப் போகாவிட்டால் அது ஆஸ்பத்திரிப் பைலிலேயே கிடக்கும், ஆகவே எந்தத் திகதிக்கு வர வேண்டும் என்பதைத் துண்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை வந்தவருக்கு வேறு இடத்தில் புதிதாக இன்னொன்று வரலாம் என்பதால் குணமான பிறகும் கிளினிக் உண்டு. கிளினிக் புத்தகத்தையும் ரிப்போர்ட்டையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, காம்பிராவில் கூரை ஒழுகாத பக்கமாக வையுங்கள். அடுத்த தடவை வேறு டொக்டர் இருப்பார், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.